குஞ்சோடு நின்ற விரால்

எங்கள் ஊருக்கு மீன் ரயிலில் வந்தது. அதற்கு முன்னால் ஆபீசர் வந்தார்.

சண்டைக் காலம். அரிசிக்கு வரிசை, சீமெண்ணெய்க்கு வரிசை. தின்பதற்கு எதை எங்கே விளைவிக்கலாம் என்று சர்க்கார் தேடிக்கொண்டிருந்தது. ஏரியில் மீன் வளர்க்கலாம் என்று சொல்லத் திருச்சியிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். சின்ன வயசு. தலையில் தொப்பி, முழங்கால் வரை காலுறை. மீனைப் பற்றியே படித்தவர் என்றார்கள். ஊர் சிரித்தது.

"மீனுக்கு ஒரு ஆபீசரா? அப்ப தவளைக்குத் தாசில்தார் எப்ப வராராம்?"

இப்படிக் கேட்டது வடக்கு வீட்டு அத்தை. என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைப் பெரம்பலூர்க்காரி என்றுதான் கூப்பிடும். நான் பிறந்தது பூலாம்பாடிப் பக்கம். மானாவாரி நிலம். கம்பும் சோளமும் தெரியும். மீன் தெரியாது. அரியத் தெரியாமல் கையை அறுத்துக்கொண்டதை அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது.

ஊர் ஜெயங்கொண்டம் தாண்டி, மீன்சுருட்டி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரி பெரிது. வருஷம் முழுக்க அதில் வலை போடுவதும் காவல் பார்ப்பதும் எங்கள் வீட்டுக்காரர். ஆனால் சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினால் ஏரி ஊருக்கு. தமுக்கு அடிப்பார்கள். எல்லாரும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஊத்தா என்பது மேலும் கீழும் வாய் திறந்த கூடை. சேற்றில் கவிழ்த்து அழுத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பது. யார் பிடித்தது அவர்களுக்கு. அன்று மீன் வேகாத அடுப்பு இருக்காது. ஏரி அழிக்கிறது என்று அதற்குப் பெயர். அந்த நாளுக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட வந்துவிடுவார்கள்.

ஆபீசர் ஏரித் தண்ணீர் வழிகிற கலுங்குக் கல் மேல் ஏறி நின்று பேசினார். புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேசினார். வடக்கே பெரிய ஆற்றில் இருக்கிற மீனின் குஞ்சை இங்கே கொண்டு வந்து விடுவாராம். அது பாசியும் பூச்சியும் தின்று மளமளவென்று வளருமாம். அதற்கு ஊர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஏரியில் இருக்கிற விராலையும் வாளையையும் ஒன்று விடாமல் முதலில் பிடித்துவிட வேண்டும். அவை குஞ்சைத் தின்றுவிடும். சித்திரையில் யாரும் ஊத்தாவோடு இறங்கக் கூடாது. இழுவலை போட்டு எடுத்து வீட்டுக்கு வீடு பங்கு வைக்க வேண்டும்.

முதல் காரியத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்குத்தான் சலசலப்பு.

நாட்டாமை எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, ஏரி உனக்குத் தெரியும். வளருமா?"

"சார் சொல்றாருங்களே மாமா."

"சார் நாளைக்குப் போயிடுவாரு. நீ சொல்லு. ஊரு ஏரிய அழிக்காம வுடணும். நீ வாக்குக் குடுப்பியா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "குடுக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் பேசுகிறவர் இல்லை. நானும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்காது என்பார்கள்.

ஆபீசர் மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். துரை, தாசில்தார், கணக்குப்பிள்ளை, யார் சொன்னாலும் எங்கள் பக்கம் சரிங்க என்போம். சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். மரியாதை. செய்கிறேன் என்று அர்த்தம் இல்லை, செய்யமாட்டேன் என்றும் இல்லை. ஆபீசர் அதைச் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அவர் படித்த ஊரில் அப்படி இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் விரால் பிடித்தார்கள். ஊத்தாவும் தூண்டிலும் வலையுமாக ஊரே கூட இறங்கியது. நான் கரைக்குக் கஞ்சி கொண்டு போவேன். நல்ல விரால். கை தடிமன். ஆபீசர் சொன்னபடி வேட்டையாடினார்கள்.

மழை விழுந்தால்தான் விரால் குஞ்சு பொரிக்கும். நாணல் ஓரத்தில் தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று ஒரு வட்டம் தெரியும். குங்குமம் கொட்டின மாதிரி. கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. கீழே தாய் நிற்கும். குஞ்சு போகிற பக்கம் போகும். அப்போது அதைப் பிடிப்பது சுலபம். ஊத்தாவை வட்டத்து மேல் வைத்தால் போதும், ஓடாது. சுலபம் என்பதால்தான் யாரும் பிடிக்கமாட்டார்கள். குஞ்சு கலைந்த பிறகு பிடிப்பார்கள். குஞ்சோடு நிற்கிற விராலைத் தூக்கினவன் வீட்டில் பிள்ளை தங்காது என்பது அங்கே பேச்சு. சொல்லிக்கூடக் கொடுக்கமாட்டார்கள். அந்த வட்டத்தைக் கண்டால் கால் தானாக விலகும்.

எனக்கு அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போனது. எங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். நாணல் ஓரம் போன ஒருவன் சிவப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி இவரிடம் என்னவோ கேட்டான். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர்கள் வேறு பக்கம் போனார்கள். கரையில் கஞ்சிக் கலயத்தோடு நின்ற எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது அது வேறு எதற்கும் கேடு என்று தோன்றவில்லை.

மீன் வந்த அன்று நான் ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போயிருந்தேன். அரியலூர் ஸ்டேஷனில் இறக்கிக் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏற்றி ஜெயங்கொண்டம் வரை கொண்டு வந்திருந்தார்கள். அங்கிருந்து வண்டி. வாயகன்ற மண்பானைகள். ஒவ்வொன்றிலும் வேப்பிலை நுனி அளவுக்குக் குஞ்சுகள். பானைத் தண்ணீரைக் கையால் தட்டிக்கொண்டே வர வேண்டுமாம். தட்டினால்தான் தண்ணீருக்குள் காற்றுப் போகும், இல்லாவிட்டால் குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று ஆபீசர் சொன்னார். தட்ட ஆள் போதவில்லை. என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். ஊர் வரைக்கும் இரண்டு பானைக்கு நடுவில் உட்கார்ந்து தட்டிக்கொண்டு வந்தேன். கை மரத்துப்போனது. வழியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னம்மா, பானைய அடிச்சுப் பாட்டுப் பாடலியா?"

முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். தட்டுவதை நிறுத்தவில்லை.

கரையில் பானைகளை ஏரித் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமிழ்த்தி வைக்கச் சொன்னார் ஆபீசர். சூடும் குளிரும் ஒன்றாக வேண்டுமாம். பிறகு மெல்லச் சாய்த்தார். குஞ்சுகள் வெளியே வந்து கொஞ்சம் நின்று, பிறகு போயின. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"விரால் எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க" என்றார் இவர்.

அவர் நின்ற இடத்திலிருந்து நாணல் ஓரத்துச் சிவப்பு தெரிந்தது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மேல் ஏதோ பூ மிதக்கிறது என்று நினைத்திருப்பார். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அவர் கேட்டது ஏரியில் இருக்கிற விராலை. குஞ்சோடு நிற்பதை நாங்கள் அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சித்திரை வந்தது. தமுக்கு அடிக்கவில்லை. ஊர் கரை முழுக்க நின்றது. கூடை, சட்டி, பானை. ஊத்தாவை மட்டும் வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த பெண்களும் வந்திருந்தார்கள். எனக்கு நிறைமாசம். வர வேண்டாம் என்று இவர் சொன்னார். இருப்புக் கொள்ளாமல் போய் மதகுப் பக்கம் நின்றேன்.

வலையை இழுத்தார்கள். கெண்டை வந்தது. கெளுத்தி வந்தது. விரால் வந்தது. அது நிறைய வந்தது, கொழுத்து வந்தது. ஆபீசர் மீன் ஒரு கூடையின் அடிகூட மூடவில்லை. இன்னொரு தரம் இழுத்தார்கள். அப்படியேதான்.

"எங்கடி உங்க ஆபீசர் மீனு? திரும்ப ரயிலேறிடுச்சா?" என்றது அத்தை. "நீதானே தட்டித் தட்டிக் கொண்டாந்த? தூங்க வச்சிட்டியா?"

கரை சிரித்தது. சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. அழிக்கிற நாள் போனது, மீனும் போனது. எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இவர் முழங்காலளவு தண்ணீரில் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆபீசர் கால்சட்டை நனையச் சேற்றில் இறங்கி வந்தார். ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

"விராலுங்க."

"எல்லாம் எடுத்தாச்சு என்றாயே?"

"எடுத்தோமுங்க."

"அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா?" கையிலிருந்த விராலை ஆட்டினார். "என் குஞ்சு எங்கே? ராத்திரியில் வலை போட்டு வித்துவிட்டு விரால் மேல் பழி போடுகிறாயா? காவல்காரனே திருடனா?"

திருடன் என்று ஊர் நடுவில் சொன்னார்.

இவர் தலையைத் தூக்கவில்லை. நாட்டாமை தொண்டையைச் செருமினார். கரையில் அத்தனை பேருக்கும் தெரியும். கூட இறங்கிப் பிடித்தவர்கள் அவர்கள். ஒருவரும் சொல்லவில்லை. ஆபீசரிடம் பாவ புண்ணியம் பேசினால் பட்டிக்காடு என்பார் என்று கூச்சம். எனக்கும் அதே கூச்சம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை தண்ணீர் மேல் நின்றுகொண்டே இருந்தது. அது இப்படியே நின்றால் இவருக்கு அந்த ஏரியும் இல்லை, ஊரும் இல்லை என்று தெரிந்தது.

"அவரு திருடலீங்க" என்றேன்.

ஆண்கள் கூட்டத்தில் நான் பேசியதே இல்லை. எல்லாத் தலையும் திரும்பியது.

"குஞ்சோட நின்ன விரால மட்டும் வுட்டுட்டாங்க. அத இங்க யாரும் புடிக்கறதில்லீங்க."

"ஏன்?"

என் கை வயிற்று மேல் போயிருந்தது. நானாக வைக்கவில்லை. ஆபீசர் கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு வெடுக்கென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கரையில் பெண்கள் அத்தனை பேரும் என் வயிற்றையே பார்த்தார்கள். பூமி பிளக்கக் கூடாதா என்று இருந்தது. இவர் எனக்காகச் சத்தமில்லாமல் செய்த ஒன்றை ஊர் நடுவில் அவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது.

"அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார் ஆபீசர். சத்தம் இறங்கியிருந்தது.

"சொல்ற விஷயம்னு தோணலீங்க" என்றார் நாட்டாமை, இப்போது.

ஆபீசர் கையிலிருந்த விராலைக் கூடையில் போட்டார். குஞ்சு எந்த மாசம் பொரிக்கும், எத்தனை நாள் தாய் கூட நிற்கும், எப்போது கலையும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தாய் ஒன்றுதானா, ஆணும் நிற்குமா என்று கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். அவருக்கும் முழுசாகத் தெரியவில்லை, எங்களுக்கும் முழுசாகத் தெரியவில்லை. ஐப்பசி கார்த்திகையில்தான் அவருக்குக் குஞ்சு கிடைக்கும். அதே மாசத்தில்தான் விரால் குஞ்சோடு நிற்கும். அது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. தன் குஞ்சைக் காக்கிற விரால், வந்த குஞ்சைத் தின்று கொழுத்திருக்கிறது.

பிறகு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போனதும் எவனோ ஒருவன் குதித்தான். பின்னால் ஊர் குதித்தது. ஊத்தா இல்லாததால் புடவையாலும் வேட்டியாலும் கையாலும் பிடித்தார்கள். ஏரி சேறாகப் போனது. இவர் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பொண்டாட்டி பேசித்தான் இவன் மானம் பொழைக்கணுமா" என்று வழியில் யாரோ சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இவர் வலையைக் கொடியில் போட்டார். சாப்பிட்டார், படுத்தார். அன்றிலிருந்து கரை வழியாகப் போவதை விட்டுப் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். அது என்னால்தானா, ஆபீசர் சொன்னதாலா என்று நான் கேட்கவில்லை.

வைகாசியில் பெண் பிறந்தது. தங்கியது.

மறு ஐப்பசியில் சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசர் வந்தார். வண்டியில் பானைகள். ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊருக்கு இனிமேல் கிடையாது என்றுதான் நினைத்திருந்தோம்.

வண்டியை விட்டு இறங்காமலே இவரிடம் சொன்னார். "இந்த முறை தாய் விராலையும் எடுத்துவிட வேண்டும். இன்றைக்கே. குஞ்சு பானையில் தாங்காது."

ஊர் கூடிவிட்டது. இவர் சரிங்க என்பார் என்று நான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"முடியாதுங்க" என்றார்.

ஆபீசருக்குப் புரியவில்லை. "என்ன?"

"என்னால முடியாதுங்க சார். வேற ஆள வச்சுப் புடிச்சுக்குங்க. நான் கையெடுத்துக் கும்புடறேன்."

"ஏம்ப்பா, அதான் புள்ள பொறந்துடுச்சே" என்றார் நாட்டாமை. "இன்னும் என்ன?"

"நம்ம காரியம் ஆயிடுச்சுன்னு இப்பப் புடிக்கலாமா மாமா?"

வேறு யார் இறங்குகிறீர்கள் என்று ஆபீசர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பானைக்குள் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. திருடன் என்று சொன்னவர் திரும்ப வந்து கொடுக்கிறார், இவர் முடியாது என்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆபீசர் தொப்பியைக் கழற்றிச் சக்கரத்து மேல் வைத்தார். "விரால் இல்லாத சின்னக் குளம் ஒன்று இருந்தால் அதில் கொஞ்ச நாள் வளர்த்துப் பெரிசாக்கி விடலாம். பெரிசானால் விரால் வாயில் அடங்காது. அதற்குப் புதிதாக வெட்ட வேண்டும். இப்போது எங்கே போவது?" எங்களிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சின்னக் குளந்தானே? எங்க எருமை பொரளுற குட்டை இருக்குது, அதுல வுடச் சொல்லு" என்றது அத்தை. கூட்டம் சிரித்தது.

ஆபீசர் சிரிக்கவில்லை. "எங்கே அது?"

அழைத்துக்கொண்டு போனார்கள். ஊர்க்கோடியில் ஒரு குட்டை. மழைத் தண்ணீர் நின்றது.

"கோடையில் வற்றுமா?"

"பொட்டுத் தண்ணி நிக்காதுங்க. வெடிச்சுப் போயிடும்."

"அப்படியானால் இதில் விரால் இல்லை."

"எப்படிங்க இருக்கும்?"

அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் பச்சையாக வேண்டும், அப்போதுதான் குஞ்சுக்குத் தீனி உண்டாகும், சாணி கரைத்து ஊற்ற வேண்டும், எருமை மட்டும் இறங்கக் கூடாது என்றார்.

"எருமை வேணாமாம், சாணி மட்டும் வேணுமாம்" என்று அத்தை சொன்னது. "கெட்டிக்கார ஆபீசருதான்."

குஞ்சுகளைக் குட்டையில் விட்டார்கள். அன்று அவர் என்னிடம் நேராகப் பேசினார். முதலும் கடைசியும் அதுதான். "அம்மா, சாணி வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் கொஞ்சம். அதிகம் போட்டால் தண்ணீர் கெட்டுப்போகும். காலையில் குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்தால் நிறுத்திவிடுங்கள்."

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாடு. சாணி எங்கே போவது? வீடு வீடாகப் போனேன். ஏரி அழிக்கிற நாளை எங்களால் இழந்த வீடுகள். பிள்ளை இடுப்பில், கூடை தலையில். வாசலில் நின்று சாணி இருக்கா என்று கேட்க வேண்டும். வறட்டிக்கு ஆகிற சாணி. எருமையைக் குட்டையில் விடாதீர்கள் என்றும் கேட்க வேண்டும். சோற்றுக்குப் பிச்சை எடுத்தால்கூட இப்படி இருந்திருக்காது.

"வாடி பெரம்பலூர்க்காரி. உங்க ஊர்ல சாணியா சாப்புடுறாங்க?"

"மீனுக்கு அத்தை."

"மீனுக்குச் சாணி. நமக்கு மீனு. ரொம்ப நல்லாருக்கு."

திட்டிக்கொண்டேதான் அத்தை போட்டது. கூடை நிறைய. அடுத்த நாள் என்னை வரவிடாமல் தானே கொண்டு வந்து குட்டைக் கரையில் கொட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. அதன் எருமை பக்கத்து ஊர்க் குட்டைக்குப் போய்ப் புரண்டது. மற்றவர்களும் கொடுத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

குஞ்சு வாயைத் திறந்தால் நிறுத்தச் சொல்லியிருந்தார். ஒருநாள் விடிகாலையில் போனால் குட்டை முழுக்க வாய். சாணியை நிறுத்தினேன். இவர் ஓடி வந்து இறங்கித் தண்ணீரைத் தட்டினார். நானும் பிள்ளையைக் கரையில் போட்டுவிட்டு இறங்கினேன். இரண்டு பேரும் வெயில் ஏறும் வரைக்கும் தட்டினோம். அந்த வழியாகப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதில் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். கொஞ்சம் செத்தது. மிச்சம் பிழைத்தது.

தையில் ஏரியில் விரால் குஞ்சு கலைந்துவிட்டது. ஊர் தூண்டிலும் வலையுமாக இறங்கித் தாய் விரால்களைப் பிடித்தது. அப்போது பிடிப்பதில் யாருக்கும் தடை இல்லை. பிறகு குட்டை மீனை ஏரிக்கு மாற்றினோம். குஞ்சு என்று சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

அந்த வருஷம் ஏரி ஆனி வரைக்கும் தாங்கியது. வலை இழுக்கிற அன்று ஆபீசரும் வந்திருந்தார். அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள், இதைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார் என்று பேசிக்கொண்டார்கள். முதல் இழுப்பிலேயே வலை கனத்தது. கயிற்றைப் பிடிக்க ஆள் போதாமல் கரையில் நின்றவர்களெல்லாம் இறங்கினார்கள். பெரிய தலை, வெள்ளிச் செதில். கூடை கூடையாக ஏறியது. நாட்டாமை நின்று வீட்டுக்கு வீடு பங்கு வைத்தார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை, சத்தம் போடவில்லை. மீன் அள்ளுகிற அவசரம்.

ஆபீசர் இவர் பக்கத்தில் வந்தார். பேச்சு நின்றது. எல்லாரும் பார்த்தார்கள்.

"போன வருஷம் இதே இடத்தில் நான் உன்னை ஒரு வார்த்தை..."

"வுடுங்க சார்" என்றார் இவர். "வெயிலு ஏறுது. மீனு கெட்டுப்போயிடும்."

குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். ஆபீசர் அப்படியே சேற்றில் நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அந்த மனுஷனை இவர் அப்படி விட்டது பெருந்தன்மை என்று ஊர் சொன்னது. எனக்கு மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. ஆபீசர் தொடங்கினதை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும், ஊர் அத்தனையும் கேட்க வேண்டும் என்று நான் பங்குக் கூடையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது இவருக்கு. என் கூடையில் இரண்டு மீனை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்.